வெள்ளிக்கிழமை உலகம் இருக்காது!

செல்போன் அலறியது.

தமிழ்ச்செல்வன் டீ கிளாஸோடு எடுத்தான்.

"காலஞானி சாமிங்களா?"

பெண் குரல். குழைவான, மரியாதையான குரல்.

"ஆமா... சொல்லுங்கம்மா."

"இன்னிக்குச் சாயந்தரம் உலகம் முடியுதுன்னு யூடியூப்ல சொன்னீங்களே... கண்டிப்பா முடிஞ்சுருமுங்களா?"

"கண்டிப்பா!"

"போலீசு, கோர்ட்டு, ஜெயிலு... ஒண்ணும் இருக்காதுங்களே?"

"ஒரு செங்கல் கூட மிஞ்சாதும்மா!"

"அப்பாடா! அந்த தைரியத்துலதானுங்க எங்கூட்டுக்காரருக்கு மத்தியானச் சோத்துல விசத்தக் கலந்து குடுத்துவுட்டுட்டேன்!"

டீ கிளாஸ் நழுவி, காலஞானியின் வேட்டி நனைந்தது.

காலஞானி என்ற பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது அவனேதான். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஒரு கேமரா, ஒரு காவித் துண்டு, 'யுகக்கணக்கு' என்று ஒரு சேனல். சூரியப் புயல் வரும், நெட் போகும், கரண்ட் போகும், அரிசிக்கு அடிதடி நடக்கும், கடைசியில் எல்லாமே போகும் என்று நாள் குறிப்பான்.

இதுவரை நான்கு முறை உலகத்தை முடித்திருக்கிறான். நான்கு முறையும் மறுநாள் காலையில் பால்காரர் வந்துவிட்டார்!

அவனே இதையெல்லாம் நம்பினானா? ஸ்கூட்டரைச் சனிக்கிழமை வாட்டர் வாஷுக்கு விடுவதாகச் சொல்லி வைத்திருந்தான். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"அம்மா... அம்மா! உலகம் முடியாதும்மா! சும்மா சொன்னேன்!"

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"என்னைய சோதிக்கறீங்களாக்கும்? கடைசி நாள்ல என்னையே மறுப்பேன், அதையும் நம்பாதீங்கன்னு போன வாரந்தானுங்களே சொன்னீங்க!"

சொல்லியிருந்தான். அன்றைக்கு ஏகப்பட்ட லைக்!

"தாயே! உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கே?"

"காங்கேயம் ரோட்டுல, கோயில் ஆர்ச்சுக்கு எதுக்கால தேங்காக் களம். நஞ்சப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

"அவர் நம்பர் குடுங்க!"

"செல்லை ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"நான் போலீசுக்குப் போறேன்!"

"போங்க சாமி. ஆரு சொல்லி செஞ்சேன்னு கேட்டா உங்க பேரத்தான மொதல்ல சொல்லோணும்?"

லைன் கட்டானது.

தமிழ்ச்செல்வன் ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். முகம் தெரியாத ஒரு மனிதன் சாகப்போகிறான். காரணம், இவன் வாய்! அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் கொஞ்சம் கூடுதல்.

வேறு கதையாக இருந்தால் ஹீரோ இந்த இடத்தில் காரைச் சீறவிடுவான். நம் ஆள் ஸ்கூட்டரை உதைத்தான்... உதைத்தான்... எட்டாவது உதையில் அது மனம் இரங்கியது!

பல்லடத்தில் டிராபிக். அதைத் தாண்டினால் கொதிக்கிற வெயில். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே அவனைச் சாலையை விட்டு இறக்கினார்.

'சாப்பிட்டுடாதே... சாப்பிட்டுடாதே...' என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே போனான்.

ஆர்ச் வந்தது. எதிரே களம்!

தரை முழுக்க உடைத்த தேங்காய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஒரு பெரியவர் டிபன் கேரியரைத் திறந்து, தட்டில் சாதத்தைப் போட்டு, பிசைந்து...

வாய்க்குக் கொண்டு போனார்!

"நிறுத்துங்க!"

தமிழ்ச்செல்வன் தேங்காய்களின் மேலேயே ஓடினான். வழுக்கினான். விழுந்தான். விழுந்த வேகத்திலேயே தட்டைத் தட்டிவிட்டான்! சாதம் ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், கேரியர் ஒரு பக்கம்.

"நஞ்சப்பன்தானே நீங்க? சாப்பிட்டீங்களா? ஒரு வாயாவது?"

"இன்னும் இல்லீங்க."

உயிர் வந்தது. நஞ்சப்பனுக்கு இல்லை, காலஞானிக்கு!

நஞ்சப்பன் பதறவில்லை. யார் என்று கேட்கவில்லை. சோறு ஏன் தரையில் கிடக்கிறது என்றும் கேட்கவில்லை. வந்தவனுக்கு முதலில் தாகம் தீர்க்க வேண்டும், மற்ற பேச்சு அப்புறம். அந்தப் பக்கத்தில் அப்படித்தான்.

"வெயில்ல வந்துருக்கறீங்க. மொதல்ல ஒரு வாய் மோர் குடிங்க. பொறகு பேசிக்கலாம்."

பானையிலிருந்து ஒரு சொம்பு வந்தது. தமிழ்ச்செல்வன் மூச்சு விடாமல் குடித்தான். இன்னொரு சொம்பையும் நீட்டினார். அதையும் குடித்தான். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கண் கலங்கியது.

அவன் செல்போன் அலறியது.

"மோர் குடிச்சீங்களா சாமி?"

குரல் போனில் கேட்டது... முதுகுக்குப் பின்னாலும் கேட்டது!

திரும்பினான். களத்துக் கொட்டகையிலிருந்து, காதில் செல்லோடு, சிரித்த முகமாக ஒரு அம்மாள் வந்தாள்.

"நாந்தானுங்க மாரியாத்தாள். சோத்துல ஒண்ணுமே இல்லீங்க. நல்ல கத்திரிக்காக் கொழம்பு, அநியாயமாக் கொட்டிப்போட்டீங்க. மோர்லதானுங்க..."

முடிக்கவில்லை. இழுத்தாள்!

தமிழ்ச்செல்வனுக்குத் தொண்டை எரிந்தது. கண் இருண்டது. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

"ஏ... ஏன்மா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"இவரு சொல்லுவாருங்க."

நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போன மாசம் அமாவாசையோட உலகம் முடிஞ்சுரும்னு சொன்னீங்களே... நெனப்பு இருக்குதுங்களா? நா நம்பிப்போட்டேனுங்க. சாகறதுக்கு முன்னாடி மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுன்னு, இவ அண்ணனுக்கு சென்னிமலைக்குப் போனைப் போட்டேன். எங்க கண்ணாலத்துக்கு அவரே தறியில நெய்து குடுத்த போர்வை மொதத் தொவையல்லயே சாயம் போச்சு. இத்தன வருசமா வாயத் தொறக்காத நான், அதைச் சொல்லிப்போட்டேனுங்க. 'டேய்'னு கூப்புட்டுச் சொன்னேன். ஒரு 'ங்க' போடாம!"

"அப்புறம்?"

"விடிஞ்சு போச்சுங்களே!"

மாரியாத்தாளின் சிரிப்பு போய்விட்டது.

"வர்ற புதன்கிழமை எம்பொண்ணு யுவஸ்ரீக்குக் கண்ணாலமுங்க. தாய்மாமன் வரமாட்டேங்கறாரு. மாமன் சீரில்லாம எப்படிங்க எம்புள்ள மணையில உக்காரும்? அவரு காலப் புடிச்சும் பாத்தாச்சு. அழுதும் பாத்தாச்சுங்க."

அவள் கண்ணில் இருந்த நீர் நிஜமாகவே நிஜம். அது தமிழ்ச்செல்வனைச் சுட்டது. மோர் அதைவிட அதிகமாகச் சுட்டது!

"மாத்து மருந்து இருக்கா தாயே?"

"மொதல்ல அண்ணங்கிட்டப் பேசுங்க."

ஸ்பீக்கரில் சென்னிமலை வந்தது. பின்னால் தறிச் சத்தம்.

"ஆருங்க?"

"ஐயா! நான் காலஞானி... இல்லைங்க, வெறும் தமிழ்ச்செல்வன்! உங்க மச்சான் பேசினதுக்கெல்லாம் நான்தான் காரணமுங்க! நான் சொன்னது அத்தனையும் புளுகுங்க! கல்யாணத்துக்கு வந்துருங்க... என் உயிர் உங்க கையிலதான் இருக்கு!"

தறி மட்டும் ஓடியது.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. என்ற போர்வை சாயம் போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"போகாதுங்க! உலகமே போனாலும் உங்க போர்வை போகாதுங்க!"

தறி நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதை அன்னிக்கே அவரு சொல்லீருந்தா... சரி, எம்மருமக கண்ணாலத்துக்கு நான் போகாம ஆரு போவா? செவ்வாக்கெழமையே வந்தர்றேன்னு சொல்லுங்க."

நஞ்சப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மருந்து!" என்று தமிழ்ச்செல்வன் அலறினான். "குடுங்கம்மா! கை கால் மரத்துப் போச்சு! நெஞ்சு அடைக்குது!"

மாரியாத்தாள் அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"மோருக்கு எதுக்குங்க மருந்து?"

"மோர்லதானுங்கன்னு இழுத்தீங்களே!"

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டனுங்க. அதத்தான் சொல்ல வந்தேன். உசுரு போகப் போகுதுன்னு நீங்களா நம்பிப்போட்டா, அதுக்கு நா என்னங்க பண்றது?"

தமிழ்ச்செல்வன் கையை நீட்டி மடக்கிப் பார்த்தான். மடங்கியது! நெஞ்சைத் தடவினான். அடைப்பைக் காணோம். அவமானம் மட்டும் பாக்கி இருந்தது. காவித் துண்டை உருவி முகத்தைத் துடைத்தான்.

"இனிமே உலகம் முடியுதுன்னு வாயே திறக்க மாட்டேம்மா. சேனலை இன்னைக்கே மூடிடறேன்."

"ஐயையோ!"

மாரியாத்தாள் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலஞானியின் காதருகே குனிந்தாள்.

"கண்ணாலம் முடிஞ்சதும் இன்னுமொருக்கா ஒரு தேதி சொல்லுங்க சாமி... எங்க மாமியாகிட்ட நானும் கொஞ்சம் மனசு விட்டுப் பேச வேண்டியிருக்குதுங்க!"