பின்னால் இருந்து பார்ப்பது யார்?

வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பெயர் துறுதுறு. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தச் சொன்னால் விரல்கள் மேசையில் தாளம் போடும். இரண்டையும் அடக்கினால் வாய் ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்டவளிடம் போய், "இடத்தை விட்டு அசையாதே" என்று ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக் கணினி அறையில் மாலை வேளையில் ஒரு விமான விளையாட்டு நடக்கும். சனிக்கிழமை வேறொரு பள்ளியோடு போட்டி. மருந்துப் பெட்டிகளை ஏற்றிய பெரிய சரக்கு விமானம் ஒன்று மலைகளைத் தாண்டிப் போய்த் தரையிறங்க வேண்டும். அதைக் கணினியே ஓட்டும். எதிரணி அதைச் சுட்டு வீழ்த்தப் பார்க்கும். மூன்று பேர் மூன்று போர் விமானங்களில் கூடவே பறந்து அதைக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சரக்கு விமானத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் யானை.

யானைக்கு வலப்பக்கம் பறப்பவன் கண்ணாடி. துறுதுறுவின் வகுப்புத் தோழன். முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடிதான். இடப்பக்கம் துறுதுறு. எல்லாருக்கும் பின்னால் அவளுடைய அண்ணன். அவன்தான் கேப்டன்.

"பிபிபிபிபிபி!"

அன்றைக்கும் துறுதுறுவின் கணினி அலறியது. யாராவது ரேடாரால் நம்மைக் குறி பார்த்தால் கத்துகிற எச்சரிக்கைக் கருவி அது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டத்தின் நடுவில் நாம். ரேடார் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு முக்கோணம் மின்னும். இப்போது முக்கோணம் வட்டத்தின் அடியில் மின்னியது. அடியில் என்றால் முதுகுக்குப் பின்னால்!

"ஐயோ, பின்னாடி ஒருத்தன்!" துறுதுறு கைப்பிடியை ஒரே வெட்டாக வெட்டினாள். விமானம் சாய்ந்து, எங்கோ பறந்து போனது.

"எங்கடி போற? அங்க யாருமே இல்ல! இடத்துக்கு வா!" என்று அண்ணன் கத்தினான்.

அவள் வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. காலியாகக் கிடந்த இடப்பக்கம் வழியாக ஒரு எதிரி நுழைந்தான். யானையின் இறக்கையில் புகை கிளம்பியது. மருந்துப் பெட்டிகளோடு யானை மலையில் விழுந்தது.

"தினமும் இதே கதை! வாலில் தீ வச்ச மாதிரி ஓடுற" என்றான் அண்ணன்.

"கருவி கத்துச்சு!"

"எங்க கருவி எதுவும் கத்தலையே!"

கண்ணாடி நாற்காலியைத் திருப்பினான். அவனுக்கு எல்லாம் நிஜம் போல இருக்க வேண்டும். நாற்காலியின் கால் உடைந்தபோதுகூட, "நிஜ விமானத்துலயும் இருக்கை சொகுசா இருக்காது" என்று சொன்னவன் அவன்.

"கேப்டன், போட்டிக்குக் கொடுத்திருக்கிறது புதுப் பதிப்பு. இதுல அந்தக் கருவி நிஜத்துல எப்படியோ அப்படியே..."

"உன் நிஜத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றான் அண்ணன். கண்ணாடி நாற்காலியைத் தன் கணினிப் பக்கமே திருப்பிக்கொண்டான்.

அண்ணன் நேராகக் கணினி டீச்சரிடம் போனான். "டீச்சர், சனிக்கிழமை இவளுக்குப் பதிலா தூங்குமூஞ்சியை உட்கார வைக்கலாம்."

ஓரத்து பெஞ்சில் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி ஒரு கண்ணைத் திறந்தான். "யாரு, நானா?" மறுபடியும் மூடிக்கொண்டான்.

"பாருங்க, எவ்வளவு அசையாம இருக்கான்!"

டீச்சர் யோசித்தார். "நாளைக்கு ஒரு தடவை பார்ப்போம். நாளைக்கும் ஓடினா மாத்திடலாம்" என்றார்.

துறுதுறு பொய் சொல்லவில்லை. கருவி கத்தத்தான் செய்தது. பின்னால் ஒருவன் இருப்பதாகத்தான் காட்டியது. ஆனால் அங்கே யாரும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். 'நான் பயந்தாங்கொள்ளியோ?' என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது அவள் கால் ஆடியதில் மேசையே ஆடியது. "தம்ளர்ல தண்ணி நிக்க மாட்டேங்குது. அந்தக் காலைக் கொஞ்சம் கழட்டி வச்சிட்டுச் சாப்பிடேன்" என்றார் அம்மா. அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பயிற்சி தொடங்கும்போதே அண்ணனுடைய கணினி முரண்டு பிடித்தது. "நீங்க கிளம்புங்க, நான் பின்னாடி வந்து சேந்துக்கறேன்" என்று அதை அணைத்துத் திரும்பப் போட்டான்.

துறுதுறுவும் கண்ணாடியும் யானையோடு பறந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. முதல் மலை போனது. இரண்டாவது மலையும் போனது. வட்டம் காலியாக இருந்தது. கால் மட்டும் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன்" என்றான் அண்ணன்.

"பிப்" என்றது கருவி. பிறகு, "பிபிபிபிபிபி!"

வட்டத்தின் அடியில் முக்கோணம்! துறுதுறுவின் கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. ஓடு, ஓடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் இன்னொரு எண்ணமும் கூடவே வந்தது. இவ்வளவு நேரம் கத்தாதது, அண்ணன் வந்ததும் ஏன் கத்துகிறது?

அவள் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, உன் ரேடாரை அணை!" என்றாள்.

"எதுக்கு?"

"அணையேன்!"

அணைத்தான். சத்தம் நின்றது.

"இப்ப போடு."

"பிப்" என்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் விடாமல் கத்தியது.

"இப்ப என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. ரேடாரை உன்மேல நிறுத்தினேன், அவ்வளவுதான். நீ எப்ப எங்க ஓடுவியோன்னு தெரியல. உன்னைத் தொலைச்சிடக் கூடாதுன்னு எப்பவும் உன்னையே..." அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் ஓடுவாள் என்று அவன் குறி பார்த்திருக்கிறான். அவன் குறி பார்த்ததால் கருவி கத்தியிருக்கிறது. கருவி கத்தியதால் அவள் ஓடியிருக்கிறாள். அவள் ஓடியதால் அவன் இன்னும் விடாமல் பார்த்திருக்கிறான்!

கண்ணாடி தொண்டையைச் செருமினான். "இருட்டு மைதானத்துல ஒருத்தர் டார்ச் அடிச்சா, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியும். பிடிச்சிருக்கிறது யாரு, எவ்வளவு தூரத்துல நிக்கிறாங்கன்னு தெரியுமா? பழைய பதிப்புல எதிரி பார்த்தா மட்டும் கத்தும். அது சும்மா விளையாட்டுக்கு. இதுல யாரு பார்த்தாலும் கத்தும். ரெண்டு அணிக்கும் ஒரே மாதிரி விமானம், ஒரே மாதிரி ரேடார். கருவி பாவம், என்ன பண்ணும்?"

"இதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

"சொல்ல வந்தேன், கேப்டன். குப்பையில போடச் சொன்னீங்க."

அண்ணனின் முகம் சுருங்கிப் போனது. டீச்சர் வேறு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது துறுதுறு நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி, நீ பாட்டுக்குப் பாரு. ஆனா கருவி கத்தினா நான் 'யாரு'ன்னு கேப்பேன். நம்ம ஆளா இருந்தா உடனே 'நான்தான்'னு சொல்லணும். யாரும் சொல்லலைன்னா அது எதிரி" என்றாள்.

கண்ணாடியின் கண்கள் கண்ணாடியை விடப் பெரிதாயின. "நிஜத்துலயும் விமானிங்க இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்களாம்!"

சனிக்கிழமை துறுதுறுதான் உட்கார்ந்தாள். தூங்குமூஞ்சி நிம்மதியாக பெஞ்சுக்குப் போனான்.

முதல் மலையைத் தாண்டும்போது கருவி கத்தியது.

"யாரு?"

"நான்தான்" என்றான் அண்ணன். அவள் இடத்தை விட்டு அசையவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மேகங்கள் நெருங்கி வந்தன. மறுபடியும் கத்தியது.

"யாரு?"

பதில் இல்லை.

"யாரு, சொல்லுங்க!"

யாரும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் எதிரி! அவள் விமானத்தைத் திருப்பினாள். எதிரி ஏவிய ஏவுகணை அவள் இறக்கையை உரசுவதுபோல் போனது. வலமாக ஓடினாள், இடமாக வளைந்தாள், மேலே ஏறித் தலைகீழாக விழுந்தாள். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிள்ளையை எவனால் குறி பார்க்க முடியும்? கடைசியில் அவன் பின்னால் இவள் வந்துவிட்டாள். ஒரே ஏவுகணை. எதிரி விமானி பாராசூட்டை விரித்து இறங்கிப் போனான்.

"அடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். எங்கும் வெள்ளை. யானையைக் காணவில்லை.

"சீக்கிரம் வா! இடப்பக்கம் காலியா இருக்கு. இன்னும் ரெண்டு பேர் சுத்திட்டு இருக்காங்க" என்றான் அண்ணன். "எங்க இருக்க?"

"மேகத்துல!"

"எந்த மேகம்?"

"வெள்ளை மேகம்!"

"இதுல வரைபடமும் கிடையாது. நிஜத்துல..." என்று தொடங்கிய கண்ணாடி, தானே நிறுத்திக்கொண்டான்.

எந்தப் பக்கம் போவது? தப்பான பக்கம் போனால் யானை விழுந்துவிடும். அவளால்தான் மறுபடியும் விழும். கால் மேசையை உதைத்தது. கண் அந்தச் சின்ன வட்டத்தில் போய் நின்றது. அது காலியாக இருந்தது. இத்தனை நாளாக எந்த முக்கோணத்தைக் கண்டு ஓடினாளோ, அது இப்போது வராதா என்று இருந்தது.

"அண்ணா, என்னைப் பாரு!"

"என்னது?"

"ரேடாரைப் போட்டு என்னைத் தேடு! கிடைச்சா என்மேலயே நிறுத்து!"

அண்ணன் விமானத்தை மெல்லச் சுழற்றித் தேடினான். வட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

"பிப்!"

"பட்டுச்சு! அங்கேயே நிறுத்து!"

"பிபிபிபிபிபி!" வட்டத்தின் வலது ஓரத்தில் முக்கோணம் மின்னியது.

"யாரு?"

"நான்தான்டி! விட மாட்டேன், அப்படியே வா!"

முக்கோணம் வட்டத்தின் உச்சிக்கு வரும்வரை அவள் விமானத்தைத் திருப்பினாள். பிறகு வேகத்தைக் கூட்டி, அதைப் பார்த்தே பறந்தாள். வெள்ளை, இன்னும் வெள்ளை. திடீரென்று மேகம் விலகியது. எதிரே யானை வந்துகொண்டிருந்தது, பின்னால் அண்ணன். அவள் ஒரு வளைவு வளைந்து இடப்பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கமாக நுழையப் பார்த்த எதிரி, அவளைக் கண்டதும் மிரண்டு திரும்பினான். அவனையும் மிச்சமிருந்த இன்னொருவனையும் கண்ணாடி துரத்திக்கொண்டு போனான்.

ஓடுபாதை தெரிந்தது. யானையின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. எல்லாரும் போட்ட கூச்சலில் தூங்குமூஞ்சி எழுந்து, "யாரு, நானா?" என்றான்.

துறுதுறுவின் கணினி மட்டும் இன்னும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அதான் ஜெயிச்சாச்சேம்மா! காது கிழியுது. அந்தச் சத்தத்தை நிறுத்தக் கூடாதா?"

"இருக்கட்டும் டீச்சர்" என்றாள் துறுதுறு. "அது எங்க அண்ணன்தான்."