ஆவி ஏறாத கூடாரம்

"அப்பாவை அடிச்சுக் கொன்னுட்டாங்க மேடம்! ஆத்தாதான் கொன்னுச்சுன்னு ஜீப்புல ஏத்தப் போறாங்க. வாங்க, சீக்கிரம்!"

காயாத சேறு ஒட்டிய செருப்போடு வாசலில் நின்று கதறினாள் இலக்கியா. துப்பறியும் பரிமளா கைப்பையை எடுப்பதற்குள், அவளுடைய உதவியாளர் சவரியப்பன் காரைக் கிளப்பிவிட்டார். ஓய்வுபெற்ற ஏட்டு. கொலை என்றால் மனிதருக்கு வயது பாதியாகிவிடும்.

இலுப்பூரை ஒட்டிய அந்த வீட்டைப் பார்த்ததும் உற்சாகமெல்லாம் வடிந்துபோயிற்று. துபாயிலிருந்து முதுகுவலியோடு திரும்பிய ரெங்கராஜ் ஆவிபிடிக்க வாங்கிய துணிக்கூடாரம் அறை நடுவே நின்றது; வெளியே ஒரு மின்பானை, அதிலிருந்து உள்ளே ஆவி போக ஒரு குழாய். உள்ளே நாற்காலியில் ஆளை உட்காரவைத்துக் கழுத்துவரை ஜிப் போட்டு மூடுவார்கள். வெளியே நீட்டியிருந்த தலை இரண்டாகப் பிளந்திருந்தது. சுவரில் ரத்தம், தரையில் கடப்பாரை. 

ரெங்கராஜின் தம்பி நாகராசு இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க பொதுக் கெணத்துல அண்ணனோட தண்ணி முறைய கேக்க வந்தேங்க. அண்ணன் ஆவியில வேர்த்து ஊத்த உக்காந்திருந்துச்சு. மதினி அடுப்படியில நின்னாங்க. நான் போயிட்டேன்."

"பொய்! நான் சந்தையில இருந்தேன்," என்று அலறினாள் ரெங்கராஜின் மனைவி செவந்தி. முந்தின நாள் புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கே கேட்டதாம். அவள் பேச்சு எடுபடவில்லை.

"ஆவியை யாரும்மா போடுவீங்க? எப்படிப் போடுவீங்க?" என்றாள் பரிமளா.

"எப்பவும் நான்தான். பானையில வெறுந்தண்ணி ஊத்தி சுவிட்சப் போடுவேன். நொச்சியிலைய, உள்ள குழாய் முனையில இருக்குற டப்பாவுல வைப்பேன். பானையில போட்டா குழாய் அடைச்சுக்கும். மொத வாரமே பட்டுட்டோம்."

பரிமளா ஜிப்பை இறக்கினாள். டப்பா காலி. ரெங்கராஜின் மடியிலிருந்த துண்டில் ரத்தம் உறைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. வெளியே பானையின் மூடி தெறித்து, தரையெல்லாம் வெந்நீர். பானைக்குள் நொச்சியிலை.

"சவரியப்பன், சளி பிடிச்சா நம்ம வீட்டுல இலையை எங்க போடுவோம்?"

"பானையிலதான்... அட!" சவரியப்பன் துள்ளினார். "அப்ப இது செவந்தி வேலையே இல்லை!"

"ஆவி ஓடினா செவந்தி வீட்டுல இருந்தாங்கன்னு அர்த்தம். அதுக்காகத்தான் கொன்னவன் ஜிப்பை மூடி அதைப் போட்டான், பழக்கத்துல இலையைப் பானைக்குள்ள திணிச்சு. குழாய் அடைச்சது. கூடாரத்துக்குள்ள ஒரு சொட்டு ஆவி போகலை. பிறகு உங்க அண்ணனுக்கு எப்படி வேர்த்தது, நாகராசு?"

நாகராசு பாய்ந்து கடப்பாரையைத் தூக்கிச் செவந்தியின் தலைக்கு ஓங்கினான். சவரியப்பன் அவன் இடுப்பில் மோதி விழுந்தார். கடப்பாரை சுவரில் இடித்துக் காரை பெயர்ந்தது. நான்கு பேர் சேர்ந்துதான் அவனை அமுக்க முடிந்தது.

"என் கடலைச் செடி கருகுது! முறைய விட்டுக்குடுன்னேன். பதிலே சொல்லாம சிரிச்சான்!"

இலக்கியா அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் செருப்பில் சேறு இப்போதுதான் காயத் தொடங்கியிருந்தது. அந்தச் சேற்றைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பது சவரியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"காலையிலயே நம்ம முறைய ஒங்களுக்கு விடச் சொல்லி அப்பா என்னைய அனுப்புச்சு சித்தப்பா. நான்தான் மோட்டாரப் போட்டு மடையத் திருப்பிவிட்டேன். போய்ப் பாருங்க, ஒங்க கடலைக்குத்தான் தண்ணி பாயுது."