ஒயரில் கேட்ட குரல்

ஒயரில் கேட்டபோது விமலின் குரல் இளைத்திருந்தது.

புயல் மழை தொடங்கின அன்றே ஊரில் கரண்ட் போய்விட்டது. ஹெட்போனில் இருந்த சார்ஜும் மத்தியானத்தோடு தீர்ந்தது. பவித்ரா அது வந்த அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்து, இதுவரை பிரிக்காமலே கிடந்த ஒயரைப் பிரித்து, ஒரு முனையை ஹெட்போனிலும் மறுமுனையைப் போனிலும் செருகினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உப்பேரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போய் இறந்துபோன கணவன் விமல் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். காரியம் முடிந்ததிலிருந்து அதைக் கேட்காமல் அவள் ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கம்பெனிக்குப் போய்வரும் பஸ்ஸின் இரைச்சலில் அவளுக்குத் தலைவலி வருகிறதென்று விமல் வாங்கித் தந்த ஹெட்போன் அது. காது முழுவதையும் மெத்தையாக மூடிக்கொள்ளும். ஒயரில்லாமல் கேட்கும்போது அவன் குரல் கனத்து, இதமாக, தோளை ஒட்டி உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இப்போது அந்தக் கனம் இல்லை. பவுடர் கழுவின முகம் மாதிரி வெறும் குரல்.

ஆரம்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் உதயகுமார் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. "ஒயரு இல்லாம வரசொல்ல பாதி சத்தத்த வழியிலயே வுட்டுட்டு வந்துரும்க்கா. மிச்சத்துக்கு மேக்கப் போட்டுக் குடுக்கும். ஒயர்ல கேட்டீங்கன்னா உள்ளது உள்ளபடி வரும்."

உள்ளது உள்ளபடி வந்தது. அவன் மார்பில் தண்ணீர் மோதி விலகும் சத்தம், பல்லில் கடித்துத் தொங்கவிடும் இறால் கூடையான பறியின் ஓலை சட்டையில் உரசும் சத்தம், எங்கோ தூரத்தில் ஒரு நாரையின் சிறகடிப்பு, எல்லாவற்றுக்கும் நடுவே, பேசுவதற்கு முன்னால் அவன் இழுத்துக்கொண்ட மூச்சு. அந்த மூச்சை அவள் இத்தனை நாளாகக் கேட்டதே இல்லை. பவித்ரா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பவி, இன்னா பண்ற? இன்னிக்கி எறா நல்லா கெடைக்குது. ஷிப்ட் முடிஞ்சி வந்து கேளு. நைட்டுக்கு..." இங்கே கொஞ்சம் இடைவெளி. அப்புறம், "அட. இரு, வரேன்."

அந்த வரேனைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

மாமியார் எல்லம்மா கதவருகே நின்று ஏதோ சொல்வது தெரிந்து, ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"மழை வுட்டுருக்கு. கொழம்புக்கு நாலு எறா தடவினு வந்துர்றேன்."

"நீ ஏன் அத்தே தண்ணில எறங்குற?"

"எத்தினி நாளு ஏரி மேல கோவமா இருக்கறது? நமக்கு அத்த வுட்டா இன்னா இருக்குது, சொல்லு."

மகன் செத்த பிறகு எல்லம்மா ஏரியில் இறங்குவது அன்றுதான் முதல்முறை. பறியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். பவித்ரா மறுபடி காதை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் தடவை கேட்டபோது அந்த இடைவெளியில் ஏதோ இருந்தது. 'நைட்டுக்கு' என்பதற்கும் 'அட' என்பதற்கும் நடுவில், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், நூல் மாதிரி மெல்லிசாக. சத்தத்தை ஏற்றிவிட்டு மறுபடி போட்டாள்.

ஒரு பெண் குரல்.

எவள் அது? அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டு, கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். ஓலைக்கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும் அடங்கிவிட்டது. மூக்கில் சேற்று வாடை மட்டும் கனத்து ஏறியது, வீட்டுக்குள்ளேயே ஏரி வந்து நிற்பது போல.

"மாமா. இந்தாண்ட வாயேன்."

கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சலும் அதட்டலுமாகச் சொல்லும் அந்தச் சொல்லை அவளைத் தவிர யாரும் விமலிடம் சொன்னதில்லை. அது அவளுடைய குரல்.

அவன் அந்த மெசேஜை அனுப்பிய நேரத்தில் அவள் கம்பெனியில் இருந்தாள். தலையில் வலைத் தொப்பி போட்ட பெண்களின் வரிசையில், போனை லாக்கரில் வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

விமலைக் கண்டெடுத்தவர் பக்கத்து வீட்டுச் சுப்பன். படகுகள் போகும் ஆழமான வழியில் கிடந்தவனைத் தோளில் தூக்கி வந்து கரையில் கிடத்திவிட்டு, அவர் கேட்டது ஒரே கேள்வி. "மார்பளவு தண்ணிலயே பொறந்து வளந்த புள்ள. அவ்ளோ ஆழத்துக்கு எதுக்குடா போனான்?" குடித்திருப்பான் என்றார்கள். வலிப்பு என்றார்கள். எல்லம்மா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பவித்ராவுக்குத் தெரிந்துவிட்டது. இரு, வரேன். அதை அவன் போனிடம் சொல்லவில்லை. எதிரேயிருந்து கூப்பிட்டவளிடம் சொல்லியிருக்கிறான். பெண்டாட்டி கூப்பிட்டாளே என்று நம்பி, சிரித்த முகத்தோடு போயிருக்கிறான்.

அவளால் அழக்கூட முடியவில்லை. மெசேஜ் முடிந்து போன் திரை இருண்டுவிட்டது.

"அத்தே."

காதுக்குள் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"அத்தே. இங்க நெறைய இருக்குது."

வாசல் பக்கமிருந்து. ஏரியிலிருந்து.

அவள் ஓடினாள். வெளியே வெளிச்சம் வடிந்து, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. தூறல் மறுபடி பிடித்திருந்தது. எல்லம்மா இடுப்பளவு நீரில் கரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பல்லில் கடித்திருந்த பறிக் கயிற்றை எடுத்துவிட்டு, ஆழமான வழியைப் பார்த்துச் சொன்னாள்.

"இதோம்மா. காலு சேத்துல மாட்டிக்குது."

பவித்ரா தண்ணீரில் இறங்கினாள். சேறு முழங்கால்வரை வாங்கியது.

"அத்தே, அது நான் இல்ல."

"அத்தே, அது நான் இல்ல," என்றது அங்கிருந்து.

அதே நடுக்கம். அதே அழுகை.

எல்லம்மா நின்றாள். கரைப் பக்கம் திரும்பி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். மங்கலில் மருமகளின் முகம் அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"யாரும்மா அது?"

"நான்தான் அத்தே. பவித்ரா. கரைக்கு வா."

"நான்தான் அத்தே. பவித்ரா." அப்புறம் அந்தக் குரல், பவித்ரா சொல்லாத ஒன்றைச் சொன்னது. "அவரும் இங்கதான் இருக்காரு."

எல்லம்மாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளாக யாராலும் அவளைச் சிரிக்க வைக்க முடியவில்லை. இப்போது சிரித்தாள். பறியைக் கைவிட்டாள். அது மெல்லச் சுற்றிக்கொண்டே நகர்ந்தது. அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள்.

மார்பு.

கழுத்து.

நரைமுடி.

பவித்ரா வாய் திறந்து கத்தினாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அவள் கத்த நினைத்தது ஆழத்திலிருந்து கேட்டது.

"காப்பாத்துங்க. யாராவது வாங்க."

கரையில் கதவுகள் திறந்தன. டார்ச்சுகள் எரிந்தன. சுப்பனின் குரல் முதலில் வந்தது.

"நம்ம பவித்ரா பொண்ணுதான் கத்துது. அந்தாண்ட, ஆழத்துல. ஓடியாங்கடா."

அவள் நெஞ்சளவு நீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். சுப்பன் முன்னால். அவள் அவர் பேரைச் சொல்லிப் பார்த்தாள். வாயில் உப்புநீர்தான் நிறைந்தது.

முன்னால் போன வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியது. அணையவில்லை. அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டு, இன்னும் கீழே போனது.

அதன் பின்னால் இரண்டாவது வெளிச்சமும் இறங்கியது.