உள்பக்கத்தில் இல்லாத சொட்டு

காலை 9.10. துப்பாக்கி சுடும் கழகத்தில் தன் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்த வீராங்கனை அப்படியே நின்றுவிட்டாள். காலைப் பயிற்சிவரை பளபளத்த பிளாஸ்டிக் கைப்பிடி வெளுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. பதினொரு மணிக்கு இறுதிச் சுற்று.

"எல்லாம் சொட்டு சார் வேலை. செயலாளர்கிட்ட சொல்லி இன்னைக்கே இவர வேலையவிட்டு அனுப்பறேன்," என்று கத்தினாள்.

சொட்டு சார் என்பது துப்பாக்கிகளைப் பராமரிப்பவரின் செல்லப்பெயர். துடைப்பது வெறும் தண்ணீராலே என்றாலும் பாகத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் பார்த்த பிறகே துணியைத் தொடுவார். அந்தப் பத்து நிமிடத்தைக் கேலி செய்யாத ஆள் கழகத்தில் இல்லை. இப்போது பாவம், மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

உரிமச் சோதனைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கோ உள்ளுக்குள் குஷி. மூன்று மாதமாக அவர் கையில் உருப்படியான வழக்கே இல்லை.

9.25. குண்டு இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றினார். உள்பக்கம் வழவழவென்று புதுசாக இருந்தது. வெளிப்பக்கத்து வரிப்பள்ளத்தில் மட்டும் முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு.

"பிளாஸ்டிக்குக்கு என்ன போடுவீங்க?"

"சோப்புத் தண்ணிம்மா. அந்த சிவப்பு மூடி பாட்டில் குழலுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்க தின்னுடும்."

அந்தப் பாட்டிலின் சீல் உடைபடவில்லை.

"பயிற்சி முடிஞ்சதும் துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"இந்த மேஜையிலதான்," என்று சிவப்பு நகத்தால் காட்டினாள் வீராங்கனை. "நான் டீ குடிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் என் கைப்பையோட இங்கேயே உக்காந்திருந்தார்."

"விடும்மா, பெரியவர் பாவம்," என்றான் அவள் கணவன். பஸ்ஸில் காலை மிதித்தவனோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஆள் அவன்.

9.40. இன்ஸ்பெக்டரம்மா கைப்பையைக் கேட்டு வாங்கி, நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை வெளியே எடுத்தார். பாதி காலி.

"நேத்துதான் வாங்கினேன். திறக்கவே இல்லையே," என்றாள் வீராங்கனை.

"சொட்டு சார் செஞ்சிருந்தா முதல்ல உள்பக்கம் ஒரு சொட்டு விட்டிருப்பார். வெளிய வெந்த மாதிரி அங்கயும் ஒரு புள்ளி வெந்திருக்கும். அந்தப் புள்ளிதான் இல்ல. இது அவசரக்காரர் வேலை. காலையில பூசின நகப்பூச்சு காயாம கைப்பிடியில பட்டிருக்கு, அந்தக் கறைய இத வெச்சுத் துடைச்சிருக்கார். நகத்துக்கு ஒண்ணும் ஆகாது, இந்த பிளாஸ்டிக்குக்கு எமன்." இன்ஸ்பெக்டரம்மா கணவன் பக்கம் திரும்பினார். "சார், உங்க கட்டைவிரல இந்தப் பள்ளத்துல வெச்சுக் காட்டுங்க."

கச்சிதமாகப் பொருந்தியது.

"கறையோட மேடையேறினா உனக்கு அசிங்கமேன்னு..." என்று இழுத்தான் கணவன். "அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு."

வீராங்கனைக்குக் கோபம் பாதி, சிரிப்பு மீதி. சிரிப்பு அடங்கியதும் சொட்டு சார் பக்கம் திரும்பினாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுடுங்க சார். வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

அவர் அலமாரியிலிருந்து மாற்றுக் கைப்பிடியை எடுத்து வந்து பூட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

12.20. முதலிடம். மனைவியின் பதக்கத்தில் விரல் ரேகையைக் கண்ட கணவன் ஆசையாய்க் கைக்குட்டையை நனைத்தான். சொட்டு சார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, முதல்ல பின்பக்கம் ஒரு சொட்டு."

இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. பதக்கத்தைச் சுற்றி நின்று, பத்து நிமிடமும் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.