தீவிழுங்கியும் நுரைக்குருவியும்

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரத்தில் பொழுது விடிந்ததும் தீயணைப்பு வீரர்கள் தலைக்கவசத்தோடு நிலைய வாசலில் கடை விரித்துவிடுவார்கள். பூமியிலிருந்து கருவி வரவழைத்தால் அது வந்து சேர்வதற்குள் குமிழே சாம்பலாகிவிடும். அதனால் அவரவர் கருவியை அவரவரே செய்து விற்கலாம் என்பது அங்கே சட்டம்.

வேதமுத்து செய்தது தீவிழுங்கி. ஆமைபோல ஊர்ந்துபோய், நெருப்பைச் சுற்றியுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். இளையவன் சகாயம் செய்தது நுரைக்குருவி. புகையை மோந்ததும் பறந்துபோய் நுரை கக்கும். போதாக்குறைக்கு மூன்று வண்ணங்களில் வேறு கிடைத்தது.

கூட்டமெல்லாம் குருவிக்குத்தான். வேதமுத்துவுக்கு வயிறு எரிந்தது. மாதக் கடைசியில் நகரசபை ஏதாவது ஒன்றை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கப் போகிறது. அது குருவியாகிவிட்டால்?

"அண்ணே, அண்ணிக்கு ஒரு குருவி எடுத்துட்டுப் போங்க. ஊதா கலர் இருக்கு," என்றான் சகாயம்.

"எங்கயாவது பத்தட்டும்டா. உன் குருவி பறக்குதா, பொரியுதான்னு பாத்துரலாம்."

தீப்பிடிக்க வேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்ட தீயணைப்பு வீரர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வேண்டுதல் பலித்தது. குருவி வாங்கியிருந்த மரகதத்தின் வீட்டு அடுக்களை பற்றிக்கொண்டது. அலமாரியில் இருந்த குருவி சிறகைக்கூட அசைக்கவில்லை. வேதமுத்து கையோடு கொண்டுபோன தீவிழுங்கி நெருப்பை ஒரே மூச்சில் முடித்தது. மறுநாள் வரிசை அவர் கடைக்கு மாறியது. மரகதம்தான் முதல் ஆள். சகாயம் ஈ ஓட்ட வேண்டியவன். செவ்வாயில் ஈ இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, குருவிக்குச் சளியா?" என்று வேதமுத்து விசாரித்தார். இவ்வளவு இன்பமான கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

சில நாளில் அதே அடுக்களை மறுபடி பற்றியது. இம்முறை மரகதம் வாங்கிய தீவிழுங்கி அசையவே இல்லை. அணைத்தது, சகாயம் கொண்டுவந்த குருவி.

வேதமுத்து பதறினார். "என்னம்மா பண்ணீங்க இத?"

"ஒண்ணுமே பண்ணலீங்க. வாங்கின மேனிக்கு வெச்சிருக்கேன். மேல இருக்கற பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல. இந்த ஊர்த் தூசிக்குப் புதுசு பாழாயிடுமே!"

கண்ணாடிபோன்ற உறை. புகை உள்ளே போனால்தானே கருவிக்குத் தெரியும்?

"அப்போ என் குருவி?" என்றான் சகாயம்.

"அதையும் பிரிக்கல தம்பி."

இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லா வீட்டிலும் இதே கதை. கெஞ்சினார்கள், யாரும் உறையைக் கழற்றவில்லை. மாறாக, தூசியிலிருந்து கருவிகளைக் காப்பாற்ற வழி செய்யுமாறு நகரசபைக்கு மனு போட்டார்கள்.

மாதக் கடைசியில் நகரசபை கட்டாயமாக்கியது குருவியையும் அல்ல, தீவிழுங்கியையும் அல்ல. நிலைய அதிகாரி திலகவதி தைத்து விற்ற பூப்போட்ட உறையை!

அன்றிலிருந்து வேதமுத்துவும் சகாயமும் ஒரே பலகையில் உட்கார்ந்து, திலகவதி கடையின் வரிசையைப் பார்த்து ஒற்றுமையாக வயிறெரிந்தார்கள். வரிசையிலிருந்து வேதமுத்துவின் மனைவி இரண்டு உறைகளோடு வந்தாள்.

"எதுக்கு அண்ணி ரெண்டு?"

"ஒண்ணு உங்கண்ணன் செஞ்ச தீவிழுங்கிக்கு. பூவேலை எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, அழுக்காயிடக் கூடாதில்ல? அதுமேல போடத்தான் இன்னொண்ணு."