நாற்பத்தொரு கழிகள்

சிவப்புப் பேனா தானாக உருண்டது.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு தாளை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டிய நேரம், மேசைமேல் வைத்த பேனா மெல்லக் கிளம்பி, விளிம்புவரை போய், கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது. கல்யாணமான நாளிலிருந்து அதே மேசை, அதே ஜன்னலோரம். ஒரு நாளும் பேனா இப்படி வாலாட்டியதில்லை. மேசைக்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை எட்டாக மடித்துச் செருகினாள். அப்போதும் உருண்டது. அப்புறம்தான் தெரிந்தது, சாய்ந்திருப்பது மேசை இல்லை, தரை.

"என்னங்க, வீடு சாயுதா?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் நாணல் வெட்டுகிறவன். ஒல்லி, நெட்டை, பாதி ஆயுளைத் தண்ணீரில் நின்றே கழித்தவன் என்பதால் ஊரே அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். கொக்கு அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "வீடு நேராத்தான் இருக்கு. பேப்பர் திருத்தித் திருத்தி உனக்குத்தான் கழுத்து கோணிப்போச்சு" என்றான்.

சொன்னானே தவிர, மறுநாள் காலையில் இறங்கிப் பார்த்தான். சதுப்பின் ஓரத்தில் பன்னிரண்டு மரத்தூண்கள்மேல் நிற்கிற வீடு அது. அடியில் எப்போதும் இடுப்பளவு கறுப்புத் தண்ணீர், அதற்கும் அடியில் எவ்வளவு என்று யாரும் அளந்திராத சேறு. பின்வாசல் படியில் சொட்டச் சொட்ட ஏறி வந்தவன் முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை.

"தூண்ல பாசியே இல்ல. தண்ணிக்குக் கீழ ஒரு முழத்துக்கு, வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு."

"நீர்நாய் உரசியிருக்கும்."

"பன்னெண்டு தூண்லயுமா?"

அவன் டீ கேட்டான், குடித்தான், வேலைக்குப் போனான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சதுப்பில் நடக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கழி உண்டு, இரண்டு ஆள் நீளம். அதை ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார்கள். அப்படியும் போகிறவர்கள் போவார்கள். சேறு யாரையும் திருப்பித் தராது. அப்போது ஊர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: போனவனின் கழியை எடுத்து, அவன் போன இடத்திலேயே, ஒரு முழம் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஆழமாக இறக்கிவிட்டு வருவார்கள். ஏன் என்று கேட்டால், "பாவம், பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல" என்பார்கள். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். அப்படி இறக்கிய கழிகள் சதுப்பு முழுக்க நாற்பத்தொன்று இருந்தன. அதில் ஒன்று டீச்சருடைய அண்ணனுடையது.

காற்றாலை வரப்போகிறது என்று கரையில் பலகை நட்டபோது டீச்சர் மனு எழுத உட்கார்ந்தது இதனால்தான். பதினெட்டு ராட்சதக் கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வீட்டளவு கான்கிரீட். அண்ணன் தலைமேல் கான்கிரீட்டைக் கொட்டுவார்களா? ஆட்சேபணை தெரிவிக்க முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். பறவைகளைப் பற்றி எழுதினாள். 'பறவைகள் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளன' என்று பதில் வந்தது. தண்ணீரைப் பற்றி எழுதினாள். தண்ணீரும் கருத்தில் கொள்ளப்பட்டிருந்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. மூன்றாவது மனுவில், இவை எங்கள் சமாதிகள் என்று கழிகளைப் பற்றி எழுதினாள். பாதிக்கப்படும் இடங்களை எண்ணிட்டு வரைபடத்துடன் குறிப்பிடவும் என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று உயிரை வாங்கியவள் விடுவாளா? மூன்று ஞாயிற்றுக்கிழமை கொக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு படகில் சுற்றினாள். அளவு, திசை, எண், எல்லாம் மைபோட்டுக் குறித்தாள். அண்ணனுக்குப் பதினேழு.

ஜெயித்தாள். ஆறு மாதத்துக்கு இடைக்காலத் தடை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். உத்தரவின் இரண்டாம் பக்கத்தை யாரும் சரியாகப் படிக்கவில்லை. வரைபடத்தில் காட்டப்பட்ட கழிகள் ஒவ்வொன்றையும் எடுத்து, அளந்து, எண் கட்டி, விசாரணை முடியும்வரை பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இயந்திரப் படகோடு ஆட்கள் வந்து நான்கே நாளில் நாற்பத்தொன்றையும் பிடுங்கிவிட்டார்கள். போகும்போது சர்வேயர் வீட்டு வாசலில் நின்று, "வரைபடம் பிரமாதம் மேடம். ஒண்ணுகூடத் தேட வேண்டியதாவே இல்ல" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதற்கு மூன்றாம் நாள்தான் பேனா உருண்டது.

தூண் விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால், கொக்கு இறங்கிப் பார்த்த அன்றே சாயங்காலம், பள்ளி விட்டதும், டீச்சர் கழிகளை வைத்திருந்த கரைமேல் தகரக் கொட்டகைக்குப் போனாள். காவலாளி தெரிந்தவர்தான். கதவைத் திறந்துவிட்டு, தான் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே அடிச்சேற்று வாடை, பல வருஷம் வெளிச்சம் படாததின் வாடை, மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. கழிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் போட்ட எண். பதினேழின் பக்கத்தில் குனிந்தாள். மேல்நுனி வெயிலிலும் மழையிலும் வெடித்துச் சொரசொரத்துக் கிடந்தது. கையை மெல்லக் கீழே நகர்த்திக்கொண்டு போனாள். கீழே போகப் போக மரம் வழவழத்தது. பழைய சுத்தியல் பிடி எப்படித் தேய்ந்திருக்கும், அப்படி. அடிநுனிக்கு ஒரு சாண் மேலே நாலு பள்ளம். பக்கவாட்டில் ஐந்தாவது ஒன்று. அவள் கை அதில் சரியாகப் பொருந்தியது.

மற்றதையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தன. சிலவற்றில் பள்ளங்கள் அடியிலிருந்து மேலே மேலே ஏறியிருந்தன.

"பாத்தீங்களா டீச்சர்?" என்று காவலாளி வாசலிலிருந்தே கேட்டார். "நான் அன்னிக்கே பாத்துட்டேன். யார்கிட்ட சொல்றது?"

அவள் விசாரணை அதிகாரிக்குப் போன் செய்தாள். கழிகளைத் திருப்பி நட்டுவிடச் சொன்னாள். அவர் பொறுமையான மனிதர். "அதெல்லாம் இப்ப சாட்சிப் பொருளும்மா. ஆறு மாசத்துக்கு யாரும் தொடக் கூடாது" என்றார்.

"சரி சார், அப்ப காத்தாலையையாவது நடச் சொல்லுங்க. சீக்கிரமா. நான் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன். ஆழமா ஏதாவது ஒண்ணு உள்ள போகணும் சார், அவ்வளவுதான்."

"நீங்கதானேம்மா தடை வாங்குனீங்க," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள என்ன? அடுத்த வாய்தாவுல வந்து சொல்லுங்க. ஊன்றதுக்கு வேற எதுவும் சதுப்புல இறக்கிடாதீங்க. அதுவும் தடையில வரும்."

அன்று இருட்டுகிற நேரம் சத்தம் கேட்டது. முதலில் மரம் முனகுகிற சத்தம் என்றுதான் நினைத்தாள். பிறகு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, மெதுவாக, விட்டு விட்டு, இந்தத் தூணில் கொஞ்சம், அந்தத் தூணில் கொஞ்சம், சமையலறைக்கு அடியிலிருந்து படுக்கையறைக்கு அடிவரை, யாரோ இடம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்க்கிற சத்தம். அவளும் கொக்கும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தரை இன்னும் ஒரு விரலளவு இறங்கியது.

"அவங்க நம்மள ஒண்ணும் பண்ண வரல," என்றான் கொக்கு. "பிடிச்சுக்க இடம் இல்லாம வந்திருக்காங்க. பக்கத்துல இருக்கற மரம் நம்ம வீடுதான்."

"நாளைக்கே எங்கயாவது போயிடலாங்க."

"உங்கண்ணன அப்படியே விட்டுட்டா? நாலு வேலிக் கம்ப எடுத்துட்டுப் போய் இறக்கிட்டு வந்துடறேன். தடையாவது மண்ணாவது."

"நீங்க ஒண்ணும் போக வேண்டாம்," என்றாள். அவன் பேசவில்லை. அவன் பேசாவிட்டால் கேட்டுக்கொண்டான் என்று அர்த்தம் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் பள்ளிக்குப் போனாள். கடைசிப் பரீட்சை நாள், லீவு போட முடியாது.

திரும்பி வரும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் பனிமூட்டம் கரைவரை ஏறியிருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை. வேலிக் கம்புகள் இல்லை. படகு மட்டும் கட்டின இடத்திலேயே இருந்தது.

"டீச்சர்."

பின்பக்கமிருந்து வந்தது குரல். கொக்கு எப்போதும் அவளைக் கிண்டலாகக் கூப்பிடுகிற அதே பெயர், கிண்டல் மட்டும் இல்லை.

பின்வாசலுக்கு ஓடினாள். கடைசிப் படியிலிருந்து பத்தடி தூரத்தில் கொக்கு நெஞ்சளவு புதைந்திருந்தான். இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தான். கை காலியாக இருந்தது.

"உங்க கழி எங்க?"

"பிடுங்கிட்டாங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. கூரைக்கு அடியில் செருகியிருந்த உபரிக் கழியை உருவினாள். படிகளில் இறங்கி, கடைசிப் படியில் குந்தி, காலை மரத்தில் முட்டுக்கொடுத்துக் கழியை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். இழுத்தாள். ஒரு முழம் வந்தான். அவளுக்கு உயிர் வந்தது.

அப்புறம் கனத்தது.

ஒரு ஆளின் கனம் இல்லை. தண்ணீர் அசையவில்லை. குமிழி மட்டும். அவனைச் சுற்றி. பிறகு அவளுக்கும் அவனுக்கும் நடுவில்.

கழிக்குக் கீழே தண்ணீர் பிரிந்தது. ஒரு கை வெளியே வந்தது. சேற்றின் நிறம். நகம் இல்லை. இருட்டில் படிக்கட்டுக் கைப்பிடியைத் தேடுகிறவர்கள் மாதிரி காற்றைத் தடவியது. கழி தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டது.

இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அதற்கு மேலே இன்னொரு கை.

"விட்டுடாத," என்றான் கொக்கு. தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்திருந்தது.

"விடமாட்டேங்க."

மூன்று. நான்கு. ஒன்றின்மேல் ஒன்றாக. ஆறு. ஏதோ ஒன்று சின்னக் கை. முதுகுக்குப் பின்னால் வீடு முனகியது. தூண் ஒன்று முறிந்தது. அவள் திரும்பவில்லை. ஒன்பது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கையை விட்டால் அவன் போய்விடுவான். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"விட்டுடாத."

தாடை. வாய். கண்.

கொக்கின் தலை உள்ளே போனது. கை மட்டும் கழியில் இருந்தது. பிடி தளரவில்லை. அதனால் அவளும் விடவில்லை.

கழியில் இடம் தீர்ந்துவிட்டது. கடைசிப் படியோரம் இன்னொரு கை மேலே வந்தது. கழியை நுனிவரை தடவிப் பார்த்தது. இடம் கிடைக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பின்னால், பனிமூட்டத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும், தண்ணீருக்கு மேலே விரித்த கைகள் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.