பேர் அழிந்த குவளைகள்

கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளில் ஒன்று நிமிர்ந்து நின்றது. தாமரை அதை மறுபடி கவிழ்த்துவிட்டு, எண்ணெயில் கிடந்த முறுக்கைத் திருப்பினாள். மகள் விஷ்ணுப்ரியாவின் வேலையாகத்தான் இருக்கும். எதையும் தொடாமல் இருந்தால் அதற்குக் கை அரிக்குமே! நேற்று முன்பல் விழுந்ததிலிருந்து ஓட்டை வாயைக் காட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

விடிந்தால் தீபாவளி. மலேசியாவின் கிள்ளானில் மத்தியானம் பிடித்த மழை பொழுது சாய்ந்தும் விடவில்லை. விட்டுப்போன சாமான்களை வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் போன கணவன் விஜயன், பெட்டாலிங் ஜெயாவைத் தாண்ட முடியாமல் ஜாமில் கிடந்தான். குசினியில் எண்ணெய் வாசனையோடு பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாசனையும் சேர்ந்து மூக்கைக் குத்தியது. தின்னர் அந்தக் குவளைகளுக்காக வாங்கியது.

தீபாவளிக்கு முன்னால் சனங்கள் இடுகாட்டுக்குப் போவது வழக்கம். கல்லறையைக் கழுவி, பிளாஸ்டிக் மாலை போட்டு, கண்ணாடிக் குவளையில் இறந்தவர் பேரை மார்க்கரால் எழுதி, அதற்குள் விளக்கேற்றி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுவிட்டு வருவார்கள். கூப்பிடுவதோடு சரி. போட்ட குப்பையைத் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமிருக்காது. போன வருஷம் அந்த மாலையும் குவளையும் சாக்கடையை அடைத்து, கல்லறைகள் தண்ணீரில் முழுகின. பார்த்த தாமரைக்கு வயிறு எரிந்தது. பெற்றவர்களை இப்படியா குப்பைத் தண்ணீரில் ஊறவிடுவது?

அதனால் இந்த வருஷம் அவளே கிளம்பிவிட்டாள். குப்பை லோரி வந்து அள்ளுவதற்குள், இன்று காலையிலேயே போய், மாலைகளை மறுசுழற்சிக்குப் பிரித்துக் கொடுத்தாள். குவளைகளைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வருஷம் புதிதாக வாங்காமல் சனங்கள் இதையே எடுத்துக்கொள்ளட்டும். எழுதியிருந்த பேர்களைத் தின்னர் போட்டுத் தேய்த்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. பளிச்சென்று இருந்தன. நல்ல காரியம் செய்தோம் என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முறுக்கை வடிதட்டில் போட்டுவிட்டுத் திரும்பினாள். குவளைகளில் ஒரு வரிசை முழுக்க நிமிர்ந்திருந்தது. உள்ளே ஈரமண்.

"பாப்பா! மண்ண அள்ளிப் போட்டியா?"

"நான் இல்லம்மா," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. நனையுறாங்க, பாவம். உள்ள வரச் சொல்லவா?"

பண்டிகை நேரம். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா பேரப்பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"வரச் சொல்லி உக்கார வைடி. அம்மா இதோ வரேன்."

கிரில் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அதன் பிறகு ஈரக் கால்கள் சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் மெதுவாக, நிற்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம் ஒன்றுகூட இல்லை. யாரும் பேசவும் இல்லை. பழைய சாமந்தியும் தோண்டிய மண்ணும் கலந்த வாசனை, முறுக்கு வாசனையை அமுக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

போன் அடித்தது. இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலாயுதம்.

"ஏம்மா தாமரை, கொவளையெல்லாம் நீயா எடுத்த?"

"ஆமாண்ணே. லோரிக்காரன் அள்ளிருவான்ல."

"ஐயய்யோ! தீவாளி முடியட்டும்னு இருந்திருக்கலாம்ல? கூப்பிட்டு வச்ச வெளக்கும்மா அது. வெளக்கு எங்க போவுதோ அங்கதான் வருவாங்க."

தாமரை அடுப்பை அணைத்தாள்.

"சரி, பயப்படாத லா. சோறு போட்டு, ஒவ்வொரு பேரா சொல்லி, போய்ட்டு வாங்கன்னு அனுப்பு. பேரு சொல்லலைன்னா, தாங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாது. கொவளையில எழுதியிருக்கும், பாத்துப் படி."

பளபளவென்று மின்னிய கண்ணாடிகளை அவள் பார்த்தாள். அடக்கடவுளே.

இடி விழுந்தது. மின்சாரம் போனது. போனில் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குப் பின்னால் குவளைகள் எரிய ஆரம்பித்தன. திரி இல்லை. எண்ணெய் இல்லை. ஒவ்வொன்றாக.

அந்த வெளிச்சத்தில் கூடம் தெரிந்தது. பந்தியில் உட்காருவது போல வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவளுக்கு முதுகு காட்டி. எல்லா முதுகும் நனைந்து. முடியிலிருந்து மண் வழிந்தது.

பாப்பா எங்கே?

சுவரோரம் பார்த்தாள். இல்லை. வாசல் பக்கம். இல்லை. என் பிள்ளை எங்கே? கண்டால் போதும். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

"பாப்பா..."

ஒருவரும் அசையவில்லை.

தாங்க முடியவில்லை அவளுக்கு. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"விஷ்ணுப்ரியா!"

வந்தவர்கள் காதில் அன்றைக்கு விழுந்த ஒரே பேர்.

எல்லா முதுகும் நிமிர்ந்தன.

"என்னம்மா?"

அவள் மகளின் குரல்தான். முதல் வரிசையிலிருந்து வந்தது. கடைசி வரிசையிலிருந்தும் வந்தது. சுவரோரமிருந்து, வாசலிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் வந்தது.

எழுந்தார்கள். எல்லோரும் ஒரே உயரம். தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

அத்தனை வாயிலும் முன்பல் இல்லை.